அதிரும் உருளைகளைச் சூழும் கொந்தளிப்பு: கணிப்பின் வரலாறு

காற்றோ நீரோ ஓர் உருளையைக் கடந்து செல்லுங்கால் அதன் பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிறக்கும் சுழிகளையும், அச்சுழிகளின் இழுப்பால் உருளை கொள்ளும் அதிர்வையும், அந்த அதிர்வு மீண்டும் ஓட்டத்தையே மாற்றிவிடும் விதத்தையும், சமன்பாடுகளின் துணையால் கணிப்பொறியில் உருவாக்கிக் காணும் சாஸ்திரம் இத்தலைப்பின் கீழ் அடங்கும். கேட்பதற்கு ஏட்டுக் கணக்குப் போன்றிருப்பினும், புகைபோக்கிகளின் நிழலில் வாழும் ஜனங்களுக்கு இது அந்நியமான விஷயமன்று.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956-ல் ஒரு பொதுத்துறை நிறுவனம் ஏற்பட்டு, 1962-ல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. அந்நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. பின்னர் எழுந்த இரண்டாம் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் ஏழு கொண்டு 1,470 மெகாவாட் ஆயிற்று. கரியை எரித்த புகையை உயரத்தில் கொண்டுபோய் விட நெடிய கான்கிரீட் புகைபோக்கிகளும், நீரை ஆற்றக் கூலிங் டவர்களும் வேண்டியிருந்தமையால், சமநிலமான இப்பிரதேசத்தில் காற்றை எதிர்த்து நிற்கும் உருளைகள் பல தோன்றின.

ஆடிக் காற்றைப் பற்றிய பழமொழியைக் கேளாத தமிழர் இலர்; 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கு அருகே கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை இவ்வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. ஆயினும் புகைபோக்கியின் விஷயத்தில், புயலைக் காட்டிலும் ஒரே சீராக வீசும் நடுத்தரக் காற்றே சில சமயம் அதிக அபாயகரமானது என்பது விசித்திரமான உண்மை. சுழிகள் உதிரும் வேகம் காற்றின் வேகத்தையும் உருளையின் விட்டத்தையும் பொறுத்தது. விட்டம் 10 மீட்டர், இயல்பான ஆட்டம் வினாடிக்கு 0.3 தடவை என்று ஒரு புகைபோக்கியை உதாரணமாகக் கொண்டால், காற்று மணிக்கு ஏறக்குறைய 54 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது சுழிகளின் தாளமும் புகைபோக்கியின் தாளமும் ஒன்றாகிவிடும். அப்போது கோபுரம் காற்று வீசும் திசையிலன்றி, அதற்குக் குறுக்காக ஆடத் தொடங்கும். ஆட்டம் வலுத்ததும், காற்றின் வேகம் சிறிது மாறினாலும் சுழிகள் கோபுரத்தின் தாளத்தையே பற்றிக்கொண்டு விடமாட்டா.

இதன் மூலத்தை 1878-ல் செக் நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரூஹால் காற்றில் பாடும் கம்பிகளில் கண்டார். சுழி வரிசையின் கணிதத்தை 1911-ஐ ஒட்டி வான் கார்மன் வகுத்தார். கணக்கிட்டுப் பார்ப்பதோ வேறு தவம். தாம் என்பவர் 1933-ல் மிக மெதுவான ஓட்டத்தைக் கையாலேயே கணித்தார். ஜப்பானின் கவாகுடி 1953-ல் வெளியிட்ட தீர்வு, வாரம் 20 மணி வீதம் ஒன்றரை ஆண்டுக் காலம் கைக்கணக்கு யந்திரத்தைச் சுழற்றிப் பெற்றது. அதுவும் சுழி உதிராத, அசையாத உருளைக்கு மட்டுமே! 1963-ல் லாஸ் அலமாஸில் ஃபிராமும் ஹார்லோவும் கணிப்பொறியில் சுழி வரிசையை உருவாக்கிக் காட்டியபின்னரே இத்துறைக்கு வேகம் பிறந்தது.

உருளை அசையும்போது, ஓட்டத்தைக் கணிக்கும் புள்ளிகளை இணைத்து அதைச் சுற்றி விரித்த கணக்கு வலையும் உடன் அசையவேண்டும் என்பதே அடுத்த சிக்கல். 1974-ல் ஹர்ட்டும் அவர் தோழர்களும் ஓட்டத்தோடும் செல்லாமல், ஓரிடத்தில் நிற்கவும் செய்யாமல், வேண்டியபடி நகரும் வலையை வகுத்தனர். இதயத்தின் வால்வுகளை ஆராய்ந்த பெஸ்கின் 1972-லேயே, வலையை அசைக்காமல் அதனுள் பொருளை அமிழ்த்திக் கணிக்கும் மாற்று வழியைக் காட்டியிருந்தார். அதிரும் உருளைகளுக்கெனவே இம்முயற்சியை விரித்தவர்களுள் இந்தியரான சஞ்சய் மிட்டல் குறிப்பிடத்தக்கவர். 1992-ல் டெஸ்டுயாருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்குப் பின், கான்பூர் ஐ.ஐ.டி.யில் அவர் இதனைத் தொடர்ந்து வளர்த்தார். பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1986-ல் தொடங்கிய ஃப்ளோசால்வர் என்னும் இணைக் கணிப்பொறி, பிரவாகக் கணக்குகளுக்கென்றே எழுந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

இவ்வளவும் கைகூடிய பின்னும் கொந்தளிப்பு மட்டும் பிடிகொடுக்கவில்லை. மேற்சொன்ன உதாரணப் புகைபோக்கியைச் சூழ்ந்த காற்றில், மிகச் சிறிய சுழி வரை ஒன்றையும் விடாது கணிக்கப் பத்தின் பதினைந்தாம் அடுக்கையும் கடந்த எண்ணிக்கையில் புள்ளிகள் வேண்டும். இன்றைய பெருங்கணிப்பொறிகளுக்கும் அது எட்டாத பாரம். ஆதலின் பெரிய சுழிகளை மட்டும் கணித்துச் சிறியவற்றை அனுமானிக்கும் முறையும் (ஸ்மகோரின்ஸ்கி, 1963), எல்லாவற்றையும் சராசரியாக்கும் முறைகளும் வழக்கில் வந்தன. இவற்றுள் பின்னது மலிவானது. ஆனால் சுழி எங்கே உருளையை விட்டுப் பிரிகிறது என்ற முக்கியமான இடத்தில்தான் அது அடிக்கடி வழுக்குகிறது.

உருளைகள் கூட்டமாக நின்றால் சங்கடம் பெருகும். 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜில் எட்டுக் கூலிங் டவர்களில் மூன்று சரிந்தன. விழுந்தவை முன்வரிசையின் நிழலில் நின்ற பின்வரிசைக் கோபுரங்களே. அவை வளைந்த சுவருடைய மெல்லிய ஓடுகளாதலின் அவற்றின் கணக்குப் புகைபோக்கியினின்றும் வேறு. எனினும், முன்னுள்ளதன் கொந்தளிப்பு பின்னுள்ளதைத் தாக்கும் என்ற பாடம் இரண்டிற்கும் பொது.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4998-இன் 1992-ஆம் ஆண்டுத் திருத்தம், புகைபோக்கிகளின் குறுக்கு ஆட்டத்தைக் கணிக்கும் வழிகளை வகுத்தது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கத்தினுள் சிறு மாதிரிகளை வைத்துச் சோதிக்கிறார்கள்; ஆனால் மாதிரி சிறிதாதலால் நிஜக் கோபுரத்தின் ஓட்ட நிலை அங்கே முழுதும் கிட்டாது, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஈடுசெய்வது இத்துறையின் வழக்கம். கணிப்பொறிக்கோ அந்தக் குறை இல்லை. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. ஆட்டத்தை அடக்கும் தன்மை கான்கிரீட்டிலும் அடித்தளத்து மண்ணிலும் எவ்வளவு என்பதை எந்தச் சமன்பாடும் தானாகச் சொல்வதில்லை. கட்டி முடித்த புகைபோக்கியின் உச்சியில் கருவி பொருத்தி அளந்து வந்த எண்ணையே, எவ்வளவு பெரிய கணிப்பொறியாயினும், முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிறது.