கோப்புகளில் நடந்த விளையாட்டு

அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து கூட்டம் நடத்துவதைக் காட்டியே மக்களைச் சிரிக்கவைக்க முடியுமா? முடியும் என்று நிரூபித்தது பிபிசி. 2012 இலண்டன் ஒலிம்பிக் போட்டியை ஏற்பாடு செய்யும் குழுவொன்றைக் கற்பனையாகப் படைத்து, ஜோன் மோர்ட்டன் எழுதிய 'ட்வென்டி ட்வெல்வ்' என்னும் நகைச்சுவைத் தொடர் 2011 மார்ச் 14ஆம் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. குழுத் தலைவராக நடித்தவர் ஹியூ பொன்வில்.

முதல் அத்தியாயத்தில், ஒலிம்பிக்கிற்கு எஞ்சியுள்ள நாட்களை எண்ணும் கடிகாரமே அதிகாரிகளுக்குத் தலைவலியாகிறது. அதே நாளில் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் திறந்துவைக்கப்பட்ட உண்மையான கடிகாரமோ மறுநாளே நின்றுபோனது! கதையில் வெளிநாட்டு விருந்தினரின் பேருந்து வழி தவறியது. 2012 ஜூலையில் மெய்யாகவே வீரர்களின் பேருந்து வழி தவறியது. ஆயினும் ஜூலை 27ஆம் திகதி போட்டி சிறப்பாகவே தொடங்கியது. ஆகவே பிரித்தானியர் நிம்மதியாகச் சிரித்தனர்.

அதே 2011இல் இலங்கையிலும் இத்தகையதொரு காட்சி அரங்கேறியது. 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியை அம்பாந்தோட்டையில் நடத்த அரசாங்கம் விண்ணப்பித்தது. உப்பளங்களுக்கும் மீன்பிடிக்கும் பெயர்பெற்ற சிறு பட்டினம் அது. அருகே சூரியவெவவில் புதிய கிரிக்கெட் மைதானம் ஒன்று இருந்தது. ஏனையவற்றுட் பெரும்பாலானவை வரைபடங்களில் இருந்தன. விண்ணப்பக் குழுவின் இணைத் தலைவராக இருந்தவர் அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால். நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்றே சொல்லியிருப்போம். நவம்பர் 11ஆம் திகதி கரீபியத் தீவான சென் கிட்ஸில் வாக்கெடுப்பு நடந்தது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் 43 வாக்குகளும் அம்பாந்தோட்டை 27 வாக்குகளும் பெற்றன.

அம்பாந்தோட்டையிலிருந்து எம்பிலிப்பிட்டி, பெல்மதுளை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் இரத்தினபுரி. அதற்கு அப்பால் கேகாலை. சபரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் அங்கேதான் உள்ளன. அங்குள்ள லயன் அறைகளில் வாழும் தமிழருக்கு அரசாங்கக் கோப்பு ஒருபோதும் வேடிக்கைப் பொருளாக இருந்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. அந்தப் 'பின்னர்' வர 10 ஆண்டுகள் சென்றன.

அண்டை மாகாணமான ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டம் மண்சரிவு அபாயத்தில் உள்ளது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் எச்சரித்தது. 2011இல் மீண்டும் எச்சரித்தது. அம்பாந்தோட்டைக்காகச் சென் கிட்ஸ் வரை சென்ற அதே ஆண்டு! 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2016 மே 17ஆம் திகதி சபரகமுவவிலேயே, கேகாலை மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன் மண்ணில் புதைந்தது.

நமது அதிகாரிகளுக்குத் திட்டமிடத் தெரியாது என்று சொல்வது தவறு. ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கவிருந்த சில நாள் போட்டிக்காக மைதானங்களையும் வீரர் கிராமத்தையும் வரைந்தவர்கள் அவர்கள். வீரர்கள் தங்குவதற்கு ஒரு கிராமத்தைக் கற்பனை செய்ய முடிந்த அரசாங்கத்துக்கு, ஏற்கெனவே இருந்த லயன்களை அபாயச் சரிவிலிருந்து இடம்மாற்ற முடியவில்லை. இலண்டன் தொடரைப் பார்த்துச் சிரிக்கலாம். அங்கே நின்றுபோனது ஒரு கடிகாரம் மட்டுமே.