ஒரே பெஞ்சில் அமர்தல்



நமது மாவட்டத்திலுள்ள தென்முடியனூரில், 2023 ஜனவரி 30 அன்று, பட்டியல் சமூக மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகளாக அவர்களுக்கு அடைபட்டிருந்த வாசல், மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில், காவல்துறைப் பாதுகாப்போடு திறந்தது. அச்செய்தியை வாசித்த நம்மில் பலர், ‘நம் ஆலயத்தில் அப்படி ஒன்றும் இல்லையே’ என்று எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தைச் சற்று நிறுத்திவைத்து, நம்முடைய சொந்தச் சரித்திரத்தைத் திறந்து பாருங்கள்.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அன்று தொடங்கிய நம் சபைகளில், ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருந்தது. திருவிருந்துக்கு வருவதிலும் முன், பின் என்ற வரிசை இருந்தது. 1833-இல் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் இவ்வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டுமென்று கடிதம் எழுதினார். விளைவு என்ன? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டு விலகினார்கள். வேற்றுமையை விட்டவர்கள் சிலரே. கட்டளை நியாயமானதே. ஆனால் பல தலைமுறைகளாகப் பிரிந்தே அமர்ந்து பழகியவர்களை ஒரு கடிதம் மாற்றிவிடவில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பின் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேறொன்று நடந்தது. ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் பொறுப்பேற்று நடத்திய அந்தப் பள்ளியே பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1838-இல் ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர் சிலர் அங்கே சேர்க்கப்பட்டனர். மற்ற மாணவர்கள் அவர்களை நீக்கும்படி கேட்டார்கள். அது இயலாதெனில், தனிப் பெஞ்சிலாவது உட்காரவைக்கும்படி கேட்டார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. திரளான மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறினர். கற்பிக்க வந்தவருக்கு முன் வெறுமையான பெஞ்சுகள் கிடந்தன. அவரோ தம் முடிவை மாற்றவில்லை. விலகியவர்களில் பலர் பின்னர் திரும்பி வந்து, அதே வகுப்பில் அமர்ந்தார்கள்.

இந்தத் தனிப் பெஞ்சைக் குறித்துச் சிந்தியுங்கள். அது சிறுவர்களை வெளியே தள்ளும் கோரிக்கை அன்று. உள்ளே வைத்தே ஒதுக்கிவைக்கும் கோரிக்கை. ‘வாருங்கள், ஆனால் அங்கே உட்காருங்கள்’ என்பதே அதன் பொருள்.

நமக்கு வடக்கே, திருப்பத்தூரில், 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதை நிறுவிய இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம் அது. ஆயினும் தமிழரைப் ‘பெரியண்ணன்’ என்றும், வெள்ளையரைச் ‘சின்னண்ணன்’ என்றும் மக்கள் அழைத்தார்கள். சமத்துவம் அங்கே ஒரு வீட்டின் உறவுமுறையாக மாறியிருந்தது.

அன்பானவர்களே, நம் வாலிபர் ஐக்கியத்தில் எவரும் இன்று தனிப் பெஞ்சு கேட்பதில்லை. ஆயினும் அது வேறு உருவில் வந்து நிற்கக்கூடும். கூட்டத்தில் கிட்டார் வாசிப்பவர்களும், வேதபாடம் வாசிப்பவர்களும், மேடையில் பேசுகிறவர்களும் யார்? நாற்காலி அடுக்குகிறவர்கள் யார்? தமிழ்வழியில் பயிலும் பிள்ளை ஆங்கிலப் பாட்டின்போது எங்கே பார்க்கிறது? பெண்பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தை எண்ணித்தான் கூட்டத்தின் நேரத்தை வைக்கிறோமா? சக்கர நாற்காலியில் வரும் தம்பி மாடியிலுள்ள அறைக்கு எப்படி ஏறுவான்?

யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் போய் அதை மறந்துவிடும் மனுஷனைப் பற்றி எழுதுகிறார். இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆலயத்தில் ஐசுவரியவானுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியின் அருகே இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிறார். இவ்விரண்டும் அருகருகே நிற்பது கவனிக்கத்தக்கது. சபையின் முகம் எப்படிப்பட்டது என்பதை, அதில் யாருக்கு எந்த இடம் என்பதே காட்டிவிடுகிறது.

ஆகவே வாலிபரை நடத்தும் உங்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு கூட்டமும் முடிந்தபின் பத்து நிமிடம் ஒன்றாக உட்காருங்கள். ஒரு நோட்டில் மூன்று காரியங்களை எழுதுங்கள்: இன்று யார் பேசவே இல்லை? யார் வரவில்லை? அடுத்த வாரம் எதை மாற்றுவோம்? மறுவாரம் முந்தைய பக்கத்தை வாசித்த பின்பே கூட்டத்தைத் தொடங்குங்கள். வாசியாமல் மூடிவைத்த நோட்டு, பார்த்து மறந்த கண்ணாடிதான். வராத பிள்ளையின் பெயரை எழுதினால், அந்த வீட்டுக்கு ஒருவர் போகட்டும். போய், அங்கே கொடுக்கும் தண்ணீரையும் உணவையும் வாங்கி உண்ணட்டும்.

நம் பிள்ளைகள் பிரசங்கத்தில் கேட்பதை மறந்துபோகலாம். தங்களுக்கு எந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதை அவர்கள் மறப்பதில்லை. தமது பந்தியில் ஆயக்காரரையும் பாவிகளையும் சேர்த்துக்கொண்ட கர்த்தர், நம் வாலிபர் நடுவிலும் அந்தப் பந்தியை விரிப்பாராக. ஆமென்.