செய்முறை மார்க்கின் கதை

நம் உத்தமபாளையம் கல்லூரியில் பி.யு.சி. படித்த மூத்த அண்ணன்மார்களுக்கு நினைவிருக்கும். 1978 வரை பள்ளிப் படிப்பு பதினோரு வருஷம்; அதற்குப் பிறகு ஒரு வருஷம் பி.யு.சி. 1978-இல் பிளஸ் ஒன் தொடங்கி, 1980-இல் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது. பிப்பெட்டும் பியூரெட்டும் கல்லூரியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தன.

அப்போது இயற்பியலுக்கு 200 மார்க்கு: எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. 2019 தேர்விலிருந்து மொத்தமே 100. எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10.

பத்தாம் வகுப்பு அறிவியலில், சமச்சீர்க் கல்வி வந்தபின் 2012 தேர்வு முதல் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. தேறுவதற்கு எழுத்தில் 20 போதும். செய்முறையில் 15 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மனப்பாடத்தைவிடக் கைப்பழக்கத்திடம்தான் சட்டம் அதிகம் கேட்கிறது!

ஆனால் 2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. அங்கே செய்முறைக்கு இடமில்லை. அதற்காக ஆய்வகக் கதவைச் சாத்திவிடலாமா? ராயப்பன்பட்டிப் பிள்ளையும் சோதனைக் குழாயைத் தன் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். தம்பி, தங்கைகளே, மார்க்கு ஏட்டில் நிற்கும். கை கற்றது கூடவே வரும்.