சிறுநிதியும் உரிமைக் குரலும்: டிக்கோயாப் பள்ளத்தாக்கினை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உரிமைகளின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவோ தலைவர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வுரிமைகளை வேண்டி எழுந்த இயக்கங்களுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது, அதனைக் கொடுத்தோர் யாவர், எத்தேவைக்காக அது செலவாயிற்று என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இன்று சர்வதேச நிறுவனங்கள், மனித உரிமைப் பரப்புரையில் ஈடுபடும் குடிசார் அமைப்புகளுக்குச் சிறுமானியங்கள் வழங்குகின்றன. இதனைப் புதியதொரு நடைமுறையாகக் கருதுவோர் உளர். ஆயின், சிறு தொகையைத் திரட்டி உரிமைக்காகச் செலவிடும் மரபு இலங்கையின் மலையகத்தில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அம்மரபினை டிக்கோயாப் பள்ளத்தாக்கினையும் அதனைச் சூழ்ந்த பகுதியினையும் முன்வைத்து நோக்குதல் பயனுடைத்து.

அட்டன் நகரிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது டிக்கோயா. முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் இங்குப் பயிராயின. 1884இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியது. தோட்டத் துரைமார் 1854ஆம் ஆண்டிலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துக் கொண்டனர். அரசின் செவிக்கு எட்டும் குரலும் அதற்கு வேண்டிய பொருளும் அவர்களிடம் இருந்தன. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளரிடமோ கடனே இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்ல விழைந்தவன், தன் கடன் தொகை குறிக்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டினைப் பெறவேண்டியிருந்தது. 1921இல் இம்முறை ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் பெயர் பொறித்த தாள் அவனது கடனுக்கே சான்றாயிற்று. அவன் குடியிருந்த லயமும் தோட்டத்திற்கே உரியது. ஆதலின் அவனைக் காணச் செல்லும் வெளியார் அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்பட்டனர்.

இந்நிலையிலேயே கோ. நடேசையரின் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கை வந்த அவர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகள் வாயிலாகத் தோட்டத் தொழிலாளரின் துயரை வெளிப்படுத்தினார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். தோட்டத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தமையின் கடைவீதியே இயக்கத்தின் களமாயிற்று. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடினார். அப்பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்டு மக்களிடையே பரப்பப்பட்டன. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த சமூகத்திற் பாட்டே பிரசாரத்தின் வாகனமாயிற்று என்பது கருதற்பாலது. அச்சுத்தாள், மை, பயணச் செலவு என்பனவே அவ்வியக்கத்தின் பெருஞ் செலவுகளாயிருந்தன.

எனினும், தொழிலாளரின் சந்தாவை நம்பிய இயக்கம் அவர்தம் கூலியோடு உயர்ந்து, கூலியோடு தாழ்வதாயிற்று. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தினால் வேதனம் குறைக்கப்பட்டது. தோட்ட நிர்வாகங்களின் எதிர்ப்பும் வலுத்தது. சம்மேளனம் தளர்ந்தது. ஆயினும் அதன் பயன் முற்றாக அழிந்துவிடவில்லை. 1936இல் நடேசையர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

1939இல் நேருவின் வருகையை அடுத்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கப் பிரிவு அமைந்தது. 1950இல் அப்பிரிவு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தோட்டந்தோறும் கமிட்டியும், அதற்கொரு தலைவரும், மாதச் சந்தாவும் என்றவாறு ஓர் அமைப்பு உருவாயிற்று. சந்தா செலுத்தியவன் சங்கத்தின் உரிமையாளனுமானான். தலைவரிடம் கணக்குக் கேட்கும் தகுதி அவனுக்கு உண்டாயிற்று. பிற்காலத்திற் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்திற் கழித்துச் சங்கத்திற்கு அனுப்பும் முறை ஏற்பட்டது. அதனால் வருமானம் உறுதிப்பட்டது. ஆயின் கொடுப்போனும் பெறுவோனும் நேரிற் காணும் வாய்ப்பு குறைந்தது. கேள்வி கேட்கும் பழக்கமும் அத்துடன் குன்றுதல் இயல்பே.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. அவ்வெற்றியின் சுவடு ஆறுமுன்னரே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டங்களுள் ஒன்று அவர்தம் வாக்குரிமையைப் பறித்தது. மற்றொன்று விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியொன்றனைத் திறந்தது. மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும், 1946ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவவேண்டும் என்பது அதன் விதி. தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ் பின்னர் நிலைப்பாட்டினை மாற்றியது. 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுக்குள் ஏறத்தாழ 8,24,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. அவர்களுட் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இவ்வெண்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறப்புப் பதிவு அற்றவன் எதனைக் காட்டுவான்? தோட்டத்துச் செக்குரோலிற் பெயர் உண்டெனினும் அது நிர்வாகத்தின் கையில் உள்ளது. விண்ணப்பம் எழுத எழுத்தறிந்தோர் வேண்டும்; விசாரணைக்குச் செல்ல ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். உரிமை என்பது ஈண்டுத் தாளாகவும், பயணமாகவும், இழந்த கூலியாகவும் உருக்கொண்டது. 1952இன் சத்தியாக்கிரகமும், 1953இல் இலண்டன் கோமறைக் கழகத்திற் தோல்வியுற்ற கோடாகன்பிள்ளை வழக்கும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. லயத்து வாசலில் விண்ணப்பம் நிரப்பியோரின் பணி அவற்றில் இடம்பெறுதல் அரிது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க நிகழ்ச்சியொன்று அமெரிக்காவில் உண்டு. சார்ள்ஸ் கார்லண்ட் என்னும் இளைஞர் தம் பரம்பரைச் செல்வத்தை ஏற்க விரும்பாது, 1922இல் பொதுப்பணி நிதியமொன்று தோன்றக் காரணரானார். அந்நிதியம் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்திற்குச் சட்டப் போராட்டத்தின் பொருட்டு 1930இல் 1,00,000 டொலர் வழங்க இசைந்தது. பொருளாதார மந்தத்தினால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே கைக்கெட்டியது. எனினும் அத்தொகை கொண்டு வகுக்கப்பட்ட திட்டமே, பாடசாலைகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வழிகோலியது. ஒரு சங்கம் முன்பே வேரூன்றி நின்றமையாலேயே அச்சிறுதொகை பயன் தந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மலையகத்திலோ 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பங்கிடப்பட்டனர். பஞ்சமும் தோட்டங்களின் தேசியமயமும் சேர்ந்து அக்காலத்தை அலைக்கழித்தன. 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிக்கப்படுவதை எதிர்த்த தொழிலாளருள் சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்திற் சுடப்பட்டு இறந்தார். தொழிற்சங்கத்திற்கு வெளியே, கண்டியில் 1972இல் வண. போல் கஸ்பர்ஸ் அடிகளாரால் தோற்றுவிக்கப்பட்ட சத்தியோதயமும், 1974இல் உருவான பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகமும் இக்காலத்தில் எழுந்தன. சந்தாவினால் அன்றி நன்கொடையினால் இயங்கும் குடிசார் அமைப்பு என்னும் புதுவகை மலையகத்தில் இவற்றோடு நிலைகொண்டது.

இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்ந்த தருணம் 2003ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஒக்டோபரில் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் பரப்புரைக்குத் துணைநின்றது. அரசும் தொழிற்சங்கமும் இணைந்தன. பயிற்சி பெற்ற தொண்டர்கள் நடமாடும் நிலையங்களில் அமர்ந்து படிவங்களை நிரப்பினர். டிசெம்பர் மாதத்திற் பத்து நாள்களுள் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமைச் சான்று பெற்றனர். 1951இற் சான்று தேடித் தொழிலாளி அலைந்தான். 2003இற் சான்று தொழிலாளியைத் தேடி வந்தது. வெளியார் பணம் அவ்வேகத்தை இயலுமாக்கியது. ஆயின் அதற்கு வேண்டிய நம்பிக்கையும் லயங்களுக்குச் செல்லும் வழியும் பல தலைமுறைகளாகச் சந்தா செலுத்தியோரால் ஆக்கப்பட்டவை.

ஆகவே, மானியம் பெரிதா சிறிதா என்பதினும் அதற்கு எவரிடம் கணக்குக் கூறப்படுகின்றது என்பதே தலையாய வினாவாகும். மானியத்திற்குக் காலவரையறை உண்டு. அதன் அறிக்கை வழங்கியவரிடமே செல்கின்றது. சந்தாவின் கணக்கோ, குறைந்தது தொடக்கக் காலத்திலேனும், லயத்து வாசலிற் கேட்கப்பட்டது. வெளிநிதி பெறும் அமைப்புகள் தம் கணக்கை இங்கும் வாசிக்கும் நாளில், அந்நிதி மக்களின் சொந்த நிதியாகும். குடியுரிமை கிடைத்துவிட்டதாயினும், குடியிருக்கும் காணியின் உரிமை டிக்கோயாத் தோட்டத்து லயங்களில் வாழ்வோர்க்கு இன்னும் பெருமளவிற் கிட்டவில்லை. அடுத்த விண்ணப்பத் தாள் அதற்குரியது. அதனை நிரப்புவதற்கான செலவை யார் ஏற்பர் என்பதிலும், யாரிடம் கணக்குக் கூறுவர் என்பதிலும் அக்கோரிக்கையின் வலிமை தங்கியுள்ளது.