துயிலும் உயிர்ப்பும்: மரணத்திற்குப் பின் கிறித்தவர் செல்லுமிடம் குறித்து

தமிழ்க் கிறித்தவர்களின் மரண அறிவிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஒரு குடும்பத்தார் தம் தந்தை 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதுவர். இன்னொரு குடும்பத்தார் 'பரலோகம் சேர்ந்தார்' என்பர். உறங்குகிறவர் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை; போய்ச் சேர்ந்தவர் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. இவ்விரண்டு வழக்குகளுக்கும் இடையிலான முரண் தமிழில் பிறந்ததன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிறித்தவம் தனக்குள் நடத்திவந்த நெடிய விவாதமொன்றின் தடம் அது. இறந்த கிறித்தவர் எங்கே போகிறார் என்னும் கேள்விக்கு விவிலியம் என்ன விடை தருகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, விட்ட இடத்தை வரலாறு எவ்வாறு நிரப்பிக்கொண்டது என்பனவற்றை ஒரு சமய நம்பிக்கையாக அன்றி, ஒரு கருத்தின் வரலாறாக இங்கே பார்க்க முயல்வோம்.

எபிரேய விவிலியத்திலிருந்து தொடங்குவதே முறை. அங்கே இறந்தோர் இறங்குமிடத்திற்கு 'ஷியோல்' என்று பெயர். அது தண்டனைக்கூடம் அன்று. நல்லவரும் தீயவரும், அரசரும் அடிமையும் அங்கேதான் செல்கின்றனர். மகன் யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துயரத்தோடே தானும் ஷியோலுக்குள் இறங்கி அவனிடம் செல்வேன் என்று புலம்புகிறான். தன் அருமை மகன் நரகத்தில் இருப்பதாக அத்தந்தை எண்ணியிருக்க முடியாது. அங்கே செயலில்லை, சிந்தனையில்லை, அறிவில்லை என்று சபை உரையாளர் நூல் கூறுகிறது. இறந்தோர் கடவுளைப் போற்றுவதில்லை என்று திருப்பாடல்கள் சில வருந்துகின்றன. நிழல் போன்ற, ஓசையடங்கிய அந்த இருப்பை வாழ்வு என்று அழைக்க எபிரேயப் புலவர்கள் விரும்பவில்லை.

இந்நிலை மாறியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் யூதச் சமயத்தைத் தடைசெய்தான். கி.மு. 167 முதல் திருச்சட்டத்தைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். நேர்மையாக நடப்பவன் நெடுநாள் வாழ்வான் என்னும் பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது, ஏனெனில் நேர்மையே மரணத்திற்குக் காரணமாயிற்று. அந்நெருக்கடியில் உருப்பெற்றதாக ஆய்வாளர் பெரும்பாலோர் கருதும் தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான், மண்ணின் புழுதியில் உறங்குவோர் விழித்தெழுவர், சிலர் நிலைவாழ்வுக்கும் சிலர் இகழ்ச்சிக்கும் எழுவர் என்னும் கருத்து ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுகிறது. மக்கபேயர் இரண்டாம் நூலில், கொல்லப்படும் ஏழு மகன்களும் அவர்களுடைய தாயும் பேசும் மொழியும் இதுவே. ஆகவே உயிர்த்தெழுதல் என்பது தத்துவச் சிந்தனையின் விளைவாகத் தோன்றியதன்று. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி எப்போது என்ற கேள்வியே அதைப் பெற்றெடுத்தது. 'எங்கே' என்பதைவிட 'எப்போது' என்பது அதற்கு முக்கியமாக இருந்தது.

இயேசுவின் காலத்தில் இக்கருத்து எல்லா யூதராலும் ஏற்கப்பட்டிருக்கவில்லை. பரிசேயர் ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர். அச்சதுசேயரோடு இயேசு வாதிட்டதை மாற்கு நற்செய்தி பதிவுசெய்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இறந்தோரின் இடத்தைக் குறிக்கும் சொற்கள் ஒன்றல்ல, பல. எபிரேய ஷியோலுக்கு ஈடாகக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கொண்ட 'ஹேடிஸ்' ஒன்று. எருசலேமின் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்த 'கெஹென்னா' மற்றொன்று. ஆகாஸ், மனாசே ஆகிய அரசர்கள் தம் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடமாக எபிரேய நூல்கள் நினைவுகூரும் பள்ளத்தாக்கு அது. அங்கே நகரத்துக் குப்பை எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் அச்செய்தி ஏறத்தாழ கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கியின் குறிப்பிலேயே முதலில் தென்படுகிறது; அதற்கு முற்பட்ட சான்று இல்லை. மூன்றாவது சொல், சிலுவையில் தம்மருகே தொங்கிய குற்றவாளிக்கு இயேசு வாக்களித்த 'பாரடைஸ்'. மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த பழம்பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது.

இன்றே நீ என்னோடு இருப்பாய் என்பது அவ்வாக்கின் பொருள். இறந்த அன்றே ஆன்மா பேரின்பத்தை அடைகிறது என்போர்க்கு இதுவே வலிமையான சான்று. ஆனால் தொடக்ககாலக் கிரேக்கப் படிகளில் நிறுத்தக்குறிகள் கிடையா. 'இன்று' என்னும் சொல்லை 'இன்று உனக்குச் சொல்கிறேன்' என்று முன்னதோடு சேர்த்தும் படிக்கலாம் என்று வாதிடுவோர் உளர். யெகோவாவின் சாட்சிகளுடைய மொழிபெயர்ப்பு அவ்வாறே அமைந்தது. பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. எனினும் ஒரு காற்புள்ளியின் இடத்தைப் பொறுத்து மறுமையின் காலக்கணக்கே மாறக்கூடும் என்பது நோக்கத்தக்கது.

பவுலின் கடிதங்களுக்கு வருவோம். ஏறத்தாழ கி.பி. 50இல் எழுதப்பட்ட தெசலோனிக்கேயருக்கான முதற்கடிதம், நம் கைக்குக் கிடைத்துள்ள கிறித்தவ எழுத்துகளிலேயே பெரும்பாலும் பழைமையானது எனக் கருதப்படுகிறது. அதில் ஒரு துயரம் பதிவாகியிருக்கிறது. கிறித்து விரைவில் திரும்பி வருவார் என்று காத்திருந்த அவ்வூர்ச் சபையாரில் சிலர் இறந்துபோயினர். எஞ்சியோர் கலங்கினர்: முந்திப் போனவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்களா? பவுல் தந்த ஆறுதலை நாம் கூர்ந்து படிக்க வேண்டும். அவர்கள் இப்போது விண்ணகத்தில் மகிழ்ந்திருக்கின்றனர் என்று அவர் எழுதவில்லை. அவர்கள் துயில்கின்றனர்; கிறித்து வரும்போது முதலில் எழுவர்; பிறகு அனைவரும் ஒன்றாக ஆண்டவரோடு இருப்போம் என்றே எழுதினார். கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தில் விதைத்த மணியையும் அதிலிருந்து எழும் பயிரையும் உவமையாகக் காட்டி உடலின் உயிர்ப்பை நெடிதாக விளக்கினார்.

அதே பவுல், சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதுகையில், பிரிந்து சென்று கிறித்துவோடு இருப்பதே மிகச் சிறந்தது என்று ஏங்குகிறார். இங்கே காத்திருப்பு பற்றிய பேச்சே இல்லை. ஒரு கடிதத்தில் துயில், இன்னொன்றில் உடனடிச் சந்திப்பு. இரண்டையும் அவர் எங்கும் பொருத்திக் காட்டவில்லை. இறந்தவர் யாரோடு இருப்பார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எவ்விடத்தில் என்பதில் அவர் அக்கறை காட்டவுமில்லை. விவிலியத்தின் கடைசி நூலாகிய திருவெளிப்பாடோ, மனிதர் மேலே ஏறிச் செல்வதாக அன்றி, புதிய எருசலேம் மேலிருந்து இறங்கி வருவதாகக் காட்டி முடிகிறது.

மரணத்திற்கும் உயிர்ப்புக்கும் இடைப்பட்ட காலமே, பின்வந்த நூற்றாண்டுகள் அத்தனையும் சண்டையிட்ட களம். முதல் தலைமுறைகள் துயிலின் பக்கமே சாய்ந்தன. தம் கல்லறைத் தோட்டத்திற்கு அவர்கள் கிரேக்கத்தில் 'உறங்குமிடம்' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். ஆங்கிலத்தின் 'செமெட்ரி' அதிலிருந்து வந்ததே. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுஸ்தீன், உயிர்த்தெழுதல் இல்லை, இறந்தவுடனேயே ஆன்மா விண்ணகம் போய்விடும் என்போரைக் கிறித்தவராகவே எண்ண வேண்டா என்று எழுதினார். தெர்த்துல்லியன், மறைச்சாட்சிகளாக உயிர்விட்டோர் மட்டுமே நேரே பாரடைஸ் செல்வர், ஏனையோர் கீழுலகில் காத்திருப்பர் என்றார். திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கைகள் 'உடலின் உயிர்ப்பு', 'இறந்தோரின் உயிர்ப்பு' என்றுதான் பேசுகின்றன. ஆன்மா விண்ணகம் செல்லும் என்னும் வரி அவற்றில் இல்லை.

ஆனால் காத்திருப்பு நீண்டது. கிறித்து திரும்பி வரும் நாள் தள்ளிப்போகப் போக, இறந்துபோன தாயும் பிள்ளையும் இந்த நொடியில் என்ன நிலையில் இருக்கின்றனர் என்ற கேள்வியின் அழுத்தம் கூடியது. அகுஸ்தீன், 387இல் ஒஸ்தியாவில் இறந்த தம் தாய் மோனிக்காவுக்காக வேண்டினார். வாசகரையும் வேண்டச் சொன்னார். முற்றும் நல்லவர்க்கு வேண்டுதல் தேவையில்லை, முற்றும் தீயவர்க்குப் பயனில்லை, இடைப்பட்டவர்க்கே அது உதவும் என்பது அவர் காட்டிய வகைப்பாடு. அந்த இடைப்பட்டோர்க்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. 'தூய்மையாக்கும்' என்ற அடைமொழி 'புர்கத்தோரியும்' என்னும் இடப்பெயராக நிலைபெற்றது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். தமிழ்க் கத்தோலிக்கர் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று வழங்குவது இதனையே. நவம்பர் 2 அன்று தமிழகத்துக் கல்லறைகளில் ஏற்றப்படும் மெழுகுவத்திகளின் பின்னால், குளூனி மடத்தலைவர் ஓதிலோ பதினோராம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிவைத்த வழிபாடு இருக்கிறது.

இவ்வரலாற்றின் வியப்பான அத்தியாயம் அவிஞோன் நகரில் நிகழ்ந்தது. 1331ஆம் ஆண்டு அனைத்துப் புனிதர் நாளில், ஏறத்தாழத் தொண்ணூறு வயதை நெருங்கியிருந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் ஒரு மறையுரை ஆற்றினார். புனிதர்களின் ஆன்மாக்கள்கூட இறுதித் தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை. அதுவரை அவை பலிபீடத்தின் கீழே இளைப்பாறுகின்றன என்றார். பழைய ஆசிரியர் பலரின் கருத்துக்கு அது நெருக்கமானதே. ஆயினும் ஐரோப்பா அதிர்ந்தது. புனிதர்கள் இன்னும் கடவுளைக் காணவில்லையெனில் அவர்களிடம் பரிந்துரை கேட்பதில் பொருளென்ன? திருப்பயணங்களும் திருப்பண்டங்களும் எதன்மேல் நிற்கும்? அக்கருத்தை எதிர்த்து 1333இல் அவிஞோனிலேயே மறையுரை ஆற்றிய ஆங்கிலேயத் துறவி தாமஸ் வேலிஸ் சிறையிலடைக்கப்பட்டார். பாரீசு இறையியலாளர்கள் பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பின் முன் கூடி, திருத்தந்தையின் கருத்தை மறுத்தனர். தாம் சொன்னது தீர்ப்பன்று, ஆய்வுக்குரிய கருத்தே என்ற யோவான், 1334 டிசம்பர் 3ஆம் நாள் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். மறுநாள் இறந்தார். அவர்க்குப் பின்வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட், தூய ஆன்மாக்கள் தீர்ப்பு நாளுக்கு முன்னரே கடவுளைக் காண்கின்றன என்று 1336இல் அறுதியிட்டார். கிறித்தவம் தோன்றிப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பிறகே மேலைத் திருச்சபைக்கு இக்கேள்வியில் முடிந்த முடிபு கிடைத்தது.

முடிந்த முடிபும் இருநூறு ஆண்டுகளில் அசைந்தது. 1517இல் லூத்தர் எழுப்பிய புயல் பாவப் பரிகாரச் சலுகைகளை விற்பதைக் குறித்தது. அவ்விற்பனை உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சார்ந்தது. அந்த இடத்தை மறுத்த சீர்திருத்தக்காரர், அதன் வெற்றிடத்தில் எதை வைப்பது என்பதில் ஒன்றுபடவில்லை. லூத்தர் இறந்தோரைத் துயில்வோர் என்று பல இடங்களில் எழுதினார். கால்வினோ, ஆன்மா உறங்குகிறது என்போரை மறுத்து 1534இல் ஒரு நூலை எழுதினார். ஆங்கில விவிலியத்தின் முன்னோடியான வில்லியம் டிண்டேல், ஆன்மாக்கள் ஏற்கெனவே விண்ணகத்தில் இருக்குமாயின் உயிர்ப்பு எதற்கு என்று 1531இல் தாமஸ் மோரைக் கேட்டார். அதே டிண்டேலின் மொழிபெயர்ப்பை 1534இல் ஆண்ட்வெர்ப்பில் பதிப்பித்த ஜார்ஜ் ஜாய், சில இடங்களில் 'உயிர்த்தெழுதல்' என்ற சொல்லை நீக்கி 'இவ்வாழ்வுக்குப் பிந்தைய வாழ்வு' என்று மாற்றிவைத்தார். அவ்வாண்டே வந்த தம் திருத்திய பதிப்பின் முன்னுரையில் டிண்டேல் கடுஞ்சினத்தோடு அவருக்குப் பதிலுரைத்தார். இருவரும் ஒரே தரப்பினர். இருவருக்கும் உயிராபத்து இருந்தது. இரண்டாண்டுகளில் டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அத்தகைய நாள்களிலும் ஒரு சொல்லுக்காக அவர்கள் மோதிக்கொண்டனர் எனில், அச்சொல்லின் எடை நமக்குப் புரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொற்களே பெரும்பான்மை வாசகர்க்கு இறையியலாயின. 1611இன் ஆங்கில விவிலியம், அறுபத்தைந்து இடங்களில் வரும் ஷியோலை 31 முறை கல்லறை என்றும், 31 முறை நரகம் என்றும், 3 முறை குழி என்றும் பெயர்த்தது. தமிழ் இவ்வகையில் சற்றுக் கவனமாகவே நடந்தது எனலாம். 1871இன் தமிழ் விவிலியம், ஒன்பதாம் சங்கீதம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, ஷியோலையும் ஹேடிஸையும் 'பாதாளம்' என்றும் கெஹென்னாவை 'நரகம்' என்றும் பிரித்தறிந்தது. பாரடைஸை மொழிபெயர்க்காமல் 'பரதீசு' என்றே விட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ 'பேரின்ப வீடு' என்றது. அறம், பொருள், இன்பம், வீடு என்று பயின்ற தமிழ்க் காதுக்கு அச்சொல்லில் விடுதலை கேட்கும். பாரசீகத் தோட்டம் கேட்காது. அது இழப்பா, பேறா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டு இவ்விவாதத்தை மீண்டும் தொடக்கத்திற்கே கொண்டுபோயிற்று. 1955இல் ஹார்வர்டில் உரையாற்றிய ஆஸ்கர் குல்மன், அமைதியாக நஞ்சருந்திய சாக்ரடீசையும் கதறி உயிர்விட்ட இயேசுவையும் அருகருகே நிறுத்தினார். ஆன்மா அழியாதது என்பது கிரேக்கத்தின் கொடை, விவிலியத்தின் நம்பிக்கை உயிர்த்தெழுதலே என்பது அவர் வாதம். தம் வாசகர் சிலரை அது எவ்வளவு புண்படுத்தியது என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். புண்பட்டதில் வியப்பில்லை. பிரிந்தவர் இப்போது நலமாக இருக்கிறார் என்ற ஆறுதலில் யாரேனும் கைவைத்தால் யாருக்கும் வலிக்கவே செய்யும்.

எனினும் இவ்வரலாறு முழுவதையும் ஒருசேர நோக்குகையில் நமக்குப் புலப்படுவது வேறொன்று. தானியேல் நூலின் காலத்தில் அநீதியாய்க் கொல்லப்பட்டோர்க்காகவும், தெசலோனிக்கேயாவில் காலமானவர்களுக்காகவும், ஒஸ்தியாவில் ஒரு தாய்க்காகவும் எழுந்த கேள்வி ஒன்றே: இவர்களை நாம் இழந்தே விட்டோமா? இல்லை என்பதில் விவிலியம் உறுதியாக இருக்கிறது. எங்கே என்று கேட்டால், அது வரைபடம் எதையும் தருவதில்லை. வரைபடம் வரைந்தவை பின்வந்த நூற்றாண்டுகள். அவற்றுக்காகச் சிறை சென்றவர்களும் உளர். நித்திரையடைந்தார் என்று எழுதும் குடும்பமும், பரலோகம் சேர்ந்தார் என்று எழுதும் குடும்பமும் பவுலின் ஒவ்வொரு கடிதத்தைக் கையில் வைத்திருக்கின்றன. அவர் பொருத்திக் காட்டாமல் விட்டதை அவர்களும் அப்படியே விட்டிருப்பதில் பிழையொன்றும் இல்லை.