தண்டுப் பங்களாவும் தமிழர் கைத்திறனும்

பெங்களூரின் தொன்மை பேசுவோர், 1537-இல் கெம்பெகவுடர் எழுப்பிய கோட்டையை முதலிற் சுட்டுவர். தமிழராகிய நமக்கு நெருங்கிய உறவுடையது, அக்கோட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை ஒட்டி, 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த படைக் குடியிருப்பாகும். 'தண்டு' என வழங்கிய அவ்விடத்திற்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்கு அஞ்சிய படை இடம் பெயர்ந்தது. அதனுடன் சென்னை மாகாணத்துத் தமிழரும் சிப்பாய்களாய், வணிகராய், கொத்தராய், தச்சராய் வந்து சேர்ந்தனர்.

வங்க நாட்டுக் குடிசையின் பெயரால் வழங்கிய 'பங்களா' இத்தண்டிலே தனி வடிவம் கொண்டது. நிலத்திற்குப் பஞ்சமில்லை, ஆதலின் மாடி தேவைப்படவில்லை. வீடு தரையிலேயே பரந்து, சுற்றிலும் தோட்டத்தை அணைத்து நின்றது. உயர்ந்த கூரை வெப்பத்தைத் தணித்தது; அகன்ற தாழ்வாரம் வெயிலையும் மழையையும் தடுத்தது. வாயிலுக்கும் சாளரத்திற்கும் மேலே, 'மங்கி டாப்' எனப்படும் கூர்முக மரப்பின்னல் அழகு செய்தது. மரச் சட்டங்களின் மேல் செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைக்கும் மெத்தைத் தளம், சென்னைக் கொத்தர் நன்கறிந்த தொழிலாகும். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தோன்றியபின், செந்நிற ஓடுகளும் இங்கே பரவின.

1898-இல் கொள்ளைநோய் நகரை வாட்டியது. அதன்பின் வளர்ந்த பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும், தோட்டஞ்சூழ் தனிவீடு நம் நாட்டவரின் இல்லமாயிற்று. பங்களாவின் முகப்புக்குப் பின்னே பூசையறை இடம் பெற்றது.

1930-களில் அமெரிக்கக் கலிபோர்னியாவில் கிளிஃப் மே என்பார் வளர்த்த 'ராஞ்ச்' வீடும் இத்தகையதே. தாழ்ந்து நீண்ட ஒற்றைத் தளம். அறையினின்று அடியெடுத்து வைத்தால் மண். முதியோர்க்குப் படியேறும் துன்பமில்லை. குழந்தைக்கு வாயிலே விளையாட்டுத் திடல். இரு நாட்டிலும் மக்களைக் கவர்ந்தது இவ்வெளிமையே.

ஆயினும், பரந்த இல்லங்களைக் கட்டிய கைகள் வாழ்ந்தது அல்சூர், பிளாக்பள்ளி ஆகியவற்றின் நெருங்கிய தெருக்களில். 1868-இல் முடிவுற்ற அட்டாரா கச்சேரியைக் கட்டுவித்த ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் பெயர், அவர் 1873-இல் தொடங்கிய பள்ளியால் நிலைத்தது. கல் சுமந்தவர், சாந்து குழைத்தவர், மரம் இழைத்தவர் பெயர்களை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை.

இன்று நிலத்தின் விலை வானளாவிவிட்டது. பங்களாக்கள் ஒவ்வொன்றாய் வீழ, அடுக்குமாடிகள் எழுகின்றன. வீடு மறைந்தால் கட்டியவரின் ஒரே சான்றும் மறையும். தம் பாட்டனார் கொத்தராகவோ தச்சராகவோ உழைத்ததை அறிந்த அன்பர்கள், அவர் பெயரையும் அவர் கட்டிய வீட்டையும் இன்றே எழுதி வைப்பார்களாக. வந்த ஊரை வாழ்விடமாக்கிய உழைப்பின் வரலாறு அதுவே.