முழங்காலின் கணக்கு

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தைந்து ஆண்டுகள் செக்கிங் மேசை முன் நின்று வேலை பார்த்தார். பி.எஃப். கணக்கைத் தேடிப் போனபோது நான்கு வருடத்துக்கு மட்டுமே பதிவு இருந்தது.

இந்த ஊரின் கதையை ஆண்களின் உழைப்பாகச் சொல்வதே வழக்கம். தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதை ஷரத் சாரி 2004-இல் வந்த 'ஃப்ராட்டர்னல் கேப்பிடல்' நூலில் ஆராய்கிறார். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்.

1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அன்றைய தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதற்குப் பின் ஏற்றுமதி பெருகப் பெருகத்தான் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். கைமடி, பிசிறு வெட்டுதல், செக்கிங் என்று சம்பளம் குறைந்த வேலைகளே அவர்களுக்குக் கிடைத்தன. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். சனிக்கிழமை சம்பளம். ஆர்டர் தீர்ந்தால் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி. பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்பதை அம்மா சுதந்திரமாக நினைத்தார், நானும்தான்.

அந்தச் சுதந்திரத்தின் விலை அறுபது வயதில் தெரிந்தது. 1995 ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும்; 2014 முதல் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். அதுவும் அம்மாவுக்கு இல்லை. இ.எஸ்.ஐ. திட்டம் வேலையில் விரல் போனால் இழப்பீடு தரும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் அதன் பட்டியலில் உண்டு. நின்று நின்று தேய்ந்த முழங்கால் இல்லை. ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து பணி ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி இ.எஸ்.ஐ. சிகிச்சையைத் தொடரலாம். ஆனால் கைமடிப் பெண் எங்கே ஓய்வு பெறுகிறாள்? ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள்.

மாற்றுத்திறனாளி என்று சலுகை பெற, 2016 சட்டப்படி 40 சதவீத இயலாமைக்குச் சான்று வேண்டும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதம். மருத்துவர் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிறார். லைன் வீட்டின் பொதுக் கழிப்பறைக்கு எத்தனை படி என்று யாரும் கேட்பதில்லை.

அம்மா வேலை பார்த்த கம்பெனி ஒன்றின் முதலாளியம்மாவுக்கும் அதே வயது, அதே மூட்டுத் தேய்மானம். கோவையில் இரண்டு காலிலும் அறுவை சிகிச்சை செய்தார்கள்; வீட்டில் லிஃப்ட் வைத்தார்கள். இப்போது காலையில் நடைப்பயிற்சி போகிறார். (அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் ஒரு பழைய கைமடி.) அவருடைய முழங்கால் ஒரு நோயாக வந்து போய்விட்டது. அம்மாவுக்கு அது இயலாமையாகத் தங்கிவிட்டது. ஊர் இருவரையும் பார்த்து "வயசாயிருச்சுங்க" என்கிறது.

இப்போது பக்கத்து யூனிட்டிலிருந்து பிசிறு வெட்ட பண்டல் வீட்டுக்கு வருகிறது, பீஸ் கணக்கில். வேண்டாம் என்றேன். "உக்காந்து செய்யற வேலதானே கண்ணு" என்று அம்மா கத்தரியை எடுத்துக்கொண்டார். அந்த யூனிட்டின் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.